மெஷின் சாரின் கொண்டை

முடி காதைத் தாண்டி இறங்கியபோது முதலில் கேள்வி கேட்டவர் முடிதிருத்தும் கடைக்காரர்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவர் கடை. காலையில் மெஷின் சார் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார்.

"என்ன சார், நம்ம மேல கோபமா? வேற கடைக்குப் போறீங்களா?"

"எந்தக் கடைக்கும் போகலைப்பா."

"அது பாத்தாலே தெரியுது சார். அதான் ஏன்னு கேட்டேன்."

மெஷின் சார் சிரித்து மழுப்பிவிட்டுப் பேருந்தில் ஏறினார். அன்றிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தார்.

காது கேட்கும் கருவி விற்கும் கடையில் அவருக்கு வேலை. டாக்டர் இல்லை. வருகிறவர்களின் காதைச் சோதித்து, எந்தக் கருவி பொருந்தும் என்று பார்த்து, மாட்டிவிட்டு, பழக்கிவிட வேண்டும். முதலில் 'காது மெஷின் சார்' என்றார்கள். பிறகு காது உதிர்ந்துபோய் 'மெஷின் சார்' மட்டும் நின்றது.

கடையில் இரண்டே அறைகள். முன்னறையில் கண்ணாடி மேஜை, நாலைந்து நாற்காலிகள், சுவரில் காதின் உட்புறத்தைக் காட்டும் பெரிய படம். பின்னறை சோதனைக்கு. நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டி, கதவைக் கனமாகப் போட்டிருப்பார்கள். உள்ளே போய்ச் சாத்தினால் தெருவே செத்துப்போன மாதிரி இருக்கும். வந்தவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க. கேட்ட மாதிரி சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க" என்பார். அதன் பிறகு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, காதின் அச்செடுக்க வேண்டும். இரண்டு களிம்புகளைப் பிசைந்து காதுக்குள் செலுத்தி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் வந்தவர்கள் மனம் திறப்பார்கள். காது அடைபட்டிருப்பதால் தாங்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மருமகளின் சமையலிலிருந்து மாப்பிள்ளையின் குடிப்பழக்கம்வரை கத்திச் சொல்வார்கள். அந்த மருமகளே முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வெட்கப்பட ஒண்ணுமே இல்லைங்க. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடறோம் இல்லையா? இதுவும் அப்படித்தான்." தினமும் பலமுறை இதைச் சொல்லுவார். நம்பியும் சொல்லுவார்.

அவருக்குத் தன் காது போனது தெரியவந்தது ஒரு மதிய வேளையில். சோதனை இயந்திரம் பழுதுபார்த்துத் திரும்பி வந்திருந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தடித்த சத்தங்கள் எல்லாம் வந்தன. கீச்சென்ற மெல்லிய சத்தங்களின் முறை வந்தபோது ஒன்றும் வரவில்லை. திரையில் புள்ளி நகர்கிறது, காதில் அமைதி. ஒயரில் ஏதோ கோளாறு என்று வேறு ஹெட்போன் மாற்றினார். அதிலும் அதே அமைதி. வலது காது ரொம்பவே மோசம். ஐம்பதை நெருங்கும்போது இது சகஜம் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர், அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போனார்.

போனது மெல்லிய சத்தங்கள் என்பதால் ஆண்களின் குரலுக்குக் குறையில்லை. லாரி, பேருந்து, பக்கத்துக் கடை ஷட்டர், எல்லாம் பழையபடி கேட்டன. முதலில் போனது அவர் மனைவியின் குரலும் மகளின் குரலும்தான். இரண்டு பேருமே வாய்க்குள் பேசுகிறவர்கள்.

கருவி ஒன்றைத் தனக்கே பொருத்திக்கொண்டார். வலது காதின் பின்னால் ஒரு அவரை விதை அளவு. அதிலிருந்து காதுக்குள் இறங்கும் மெல்லிய குழாய். கண்ணாடியில் பார்த்தார். ஒட்ட வெட்டிய முடிக்குக் கீழே அது பளிச்சென்று தெரிந்தது. மற்றவர்களுக்கு மாட்டும்போது 'வெளியே தெரியவே தெரியாதுங்க' என்று சொல்லும் அதே கருவிதான். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். முடி வளரட்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

முடி வளர்ப்பது சும்மா இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தார். அது ஒரு வேலை. காதை மூடும்வரை ஒரு தொல்லை, மூடிய பிறகு வேறு தொல்லை. பின்னுக்கு வாரினால் நிற்காது. விட்டால் கண்ணில் விழும். மழைக்காலம் வேறு. ஈரக்காற்று பட்டதும் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி நிற்கும். இதற்கு ஈடாக மற்ற எல்லாவற்றையும் அவர் திருத்தமாக்கினார். ஒரு நாள் விடாமல் முகச்சவரம். ஷூவில் முகம் பார்க்கலாம். வெள்ளைக் கோட்டின் மடிப்பு கத்தி மாதிரி இருக்கும்.

மகள்தான் கைகொடுத்தாள். கல்லூரியில் படிக்கிறவள். அப்பாவுக்கு என்ன வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. முகத்துக்கு நேராக நின்று உரக்கச் சொன்னதால் அவருக்கும் விளங்கியது.

"அப்பா, இது ரெண்டுங்கெட்டான் கட்டம். இதுல பயந்துதான் எல்லாரும் வெட்டிடுவாங்க. நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"கடைக்குப் போகணுமேம்மா. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அதுக்குத்தான் இது." துணி சுற்றிய வளையம் ஒன்றைக் கொடுத்தாள். "சும்மா ரப்பர் பேண்ட் போடாத, முடி அறுந்துடும். குளிச்சதும் துண்டால அப்படித் தேய்க்கவும் கூடாது, ஒத்தி எடுக்கணும். ஈரத்தோட கட்டாத. சீப்பை அடியிலேருந்து போடு. நீ என்னமோ ஷூவுக்கு பிரஷ் போடற மாதிரி இழுக்கற."

வளையத்தை வாங்கிக்கொண்டார், ஆனால் கட்டவில்லை. கட்டினால் காது தெரிந்துவிடுமே. எண்ணெய் தொட்டுப் படிய வாரி, காதுமேல் விழும்படி விட்டு, அதன் மறைவில் கடையில் கருவியை மாட்டிக்கொண்டார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. முடி கருவியின்மேல் உரசி உரசி நாள் முழுவதும் சரசரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும், காய்ந்த புல்லுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. வாடிக்கையாளர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், "முடியை ஒதுக்கி விடுங்க" என்று நொடியில் சொல்லியிருப்பார்.

முதலாளியம்மா ஒருநாள் கூப்பிட்டார்.

"உங்க வேலையில நான் குறை சொல்லலை. ஆனா இந்த முடி? வர்றவங்க பாதிப்பேர் வயசானவங்க. பார்த்ததும் ஒரு நம்பிக்கை வரணும் இல்லையா?"

"சுத்தமாத்தான் மேடம் வெச்சிருக்கேன்."

"சுத்தம் வேற, தோரணை வேற. கிடார் வாசிக்கறவர் மாதிரி இருக்கீங்க. மாசக் கடைசிக்குள்ள வெட்டிடுங்க. இல்லைன்னா உள்ளறையிலேயே இருந்து ரிப்பேர் பாருங்க, முன்னாடிக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

"சரி மேடம்" என்றார். மாசக் கடைசிக்கு நிறைய நாள் இருந்தது.

வீடு இரண்டாம் மாடியில். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, கருவியைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இது அவருக்குப் பழகிப்போனது. வீட்டில் மனைவியின் கை தலைக்கு வரும், மகள் முடியைப் பிடித்து இழுப்பாள். தெரிந்துபோனால் அவ்வளவுதான்.

அவர் மனைவிக்குச் சலவைக்கடையில் வேலை. பகல் முழுவதும் நீராவி இஸ்திரிக்கு முன்னால் நின்று அடுத்தவர்களின் சட்டைக்கு மடிப்பு எடுப்பவள். கறையைப் பார்த்தால் மனிதர்களைச் சொல்லிவிடுவாள். புருஷன் சட்டைக் காலரில் இத்தனை வருஷம் இல்லாத எண்ணெய்க் கறை. ஷூவுக்குத் தினமும் பாலிஷ். அவளுக்குத் தெரிந்த கணக்கில் இது ஒன்றில்தான் போய் முடியும். கடையில் கூட நிற்பவளும் அதையே சொன்னாள்: "இந்த வயசுல ஆம்பளை கண்ணாடி பார்த்தா, அந்தக் கண்ணாடியில வேற யாரோ தெரியறாங்கன்னு அர்த்தம்."

போதாதற்கு, பேசினால் அவர் கேட்பதே இல்லை. எதற்கும் ஒரு 'ம்'. ஒருநாள் மாலை அவர் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அடுப்புக்கு முன்னால் நின்று, திரும்பாமல் பேசினாள்.

"நாளைக்கு எங்க அக்கா வர்றா."

"ம்."

"வந்தா பத்து நாள் இருப்பா."

"ம்."

அவள் கரண்டியை வைத்தாள். "நான் எங்கயாவது கண்காணாம போயிடட்டுமா?"

"ம். சரி."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ரொட்டியின் கடைசித் துண்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய் ஓடுவதும் அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை என்றாலும் யாரோ ஒருவரின் கருவி பழுதாகிவிட்டதென்று மெஷின் சார் அவசரமாகப் போய்விட்டுத் திரும்பினார். தெருமுனையில் இருக்கும்போதே வானம் இருட்டிவிட்டது. மொட்டைமாடியில் துணி காய்கிறது. மனைவி ஒருத்தியாகப் படுக்கை விரிப்பும் சட்டையுமாக அள்ளிக்கொண்டிருப்பது கீழிருந்தே தெரிந்தது. நேராக மாடிக்கே ஓடினார். படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்கவில்லை.

இரண்டு பேருமாக அள்ளி முடிப்பதற்குள் மழை அடித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒதுங்கினார்கள். அவர் தலை தெப்பமாக நனைந்திருந்தது. கோபமெல்லாம் இருந்தும் அவள் கை சும்மா இருக்கவில்லை. அள்ளிய துணியிலிருந்து ஒரு துண்டை உருவி அவர் தலையில் போட்டுத் துவட்டினாள். அவர் பதறி விலகினார்.

"நில்லுங்க. என்ன, தொட்டா தீட்டா?" பிடித்து இழுத்து மறுபடி துவட்டினாள்.

கீச்சென்று ஒரு சத்தம். விசில் மாதிரி, ஊசி மாதிரி.

கையை எடுத்தாள். சத்தம் நின்றது. "என்னங்க அது?"

"எது?"

மறுபடி துண்டை வைத்தாள். மறுபடி கீச். அவர் எதுவும் நடக்காததுபோல மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கூரான சத்தம் அவர் தலையிலிருந்தே வருகிறது, அவருக்குத் தெரியவில்லை. காதை எதனாலாவது மூடினால் கருவி விசிலடிக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். தன்னுடையது அடிப்பது அவர் காதுக்கே எட்டாத சத்தமாக இருந்தது.

அவள் ஈர முடியை ஒதுக்கினாள். பார்த்தாள்.

அந்த அவரை விதை அளவு கருவியை விரலால் தொட்டாள்.

"எப்போலேருந்து?"

"போன வருஷ மழைக்கு முன்னாடி."

"இதுக்கா முடி?"

"ம்."

"அந்த 'ம்'மை விடுங்க முதல்ல!" என்று கத்தினாள். பிறகு தொட்டியின் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான் என்னென்னமோ நினைச்சு... அந்த நீராவிக்குள்ள நின்னு எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? கண்ணுல ஆவி பட்டுடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு."

"சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு. கடையில தெரிஞ்சா வேலை போயிடுமோன்னும் பயம்."

"சரி, கடைக்கு பயம். வீட்டுல ஏன் கேக்கலை உங்களுக்கு? இது காதுலதானே இருக்கு?"

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். பிறகு, படிக்கட்டுத் திருப்பத்தில் கழற்றுவதைச் சொன்னார்.

அவள் முகம் மாறியது அப்போதுதான். "ஓ. வர்றவன் போறவன் பேசறதையெல்லாம் கேக்கறதுக்கு இதை மாட்டிக்கறீங்க. நான் பேசறதைக் கேக்கற நேரத்துல கழட்டி வெச்சுடறீங்க."

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான். வேற எப்படி?" அவள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப்போனாள்.

அன்றைக்கு மாலையே அக்கா வந்தாள். மனைவி அக்காவோடும் மகளோடும் பேசினாள், அவரோடு பேசவில்லை. அவர் இப்போது கருவியோடுதான் வீட்டுக்குள் வந்தார், மாட்டிக்கொண்டே சாப்பிட்டார், படுக்கும்வரை கழற்றவில்லை. வீட்டில் எத்தனை சத்தங்கள் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வெங்காயம் வதங்குகிற சத்தம். மகள் பக்கம் புரட்டுகிற சத்தம். மனைவியின் வளையல். ஆனால் அவளுடைய பேச்சு மட்டும் அவர் பக்கம் வரவில்லை. அக்கா ஊருக்குக் கிளம்பிப்போன அன்று, அவர் தட்டில் முட்டையைப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்:

"இப்ப கேக்குதா?"

"கேக்குது. முடி உரசறதுதான் கொஞ்சம் இரைச்சல்."

"வெட்டிடுங்க அப்ப. இனி யாருக்கு மறைக்கணும்?"

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. முடி தோளைத் தொட்டிருந்தது. காலையில் எல்லாரும் எழுந்திருக்கும் முன் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை அடியிலிருந்து சிக்கெடுப்பது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் எந்தச் சட்டை என்று அப்பா சொன்னார், எந்தப் படிப்பு என்று மாமா சொன்னார், எந்த வேலை என்று விளம்பரம் சொன்னது. இது ஒன்று மட்டும் தானாக அவர் உடம்பிலிருந்து வந்தது. மறைக்கத்தான் வளர்த்தார், இல்லையென்று சொல்லவில்லை. இப்போது மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கத்தரி என்று நினைத்ததும் மனம் சுருங்கியது.

"பிடிச்சிருக்கு" என்றார்.

"என்னது?"

"முடி. எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். "காரணம் இல்லாமயா?"

"காரணம் போயிடுச்சு. பிடிச்சது மட்டும் மிச்சமிருக்கு."

அவள் இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்தாள். உள்ளேயிருந்து மகள், "அப்பா, அப்ப தூக்கிக் கட்டிடு!" என்றாள். அதுவும் அவருக்குக் கேட்டது.

மறுநாள் காலை மகள்தான் கட்டிவிட்டாள். முழுவதையும் பின்னுக்கு வாரி, கழுத்துக்கு மேலே இறுக்கமாக ஒரு கொண்டை. ஒரு பிசிறு வெளியே இல்லை. இரண்டு காதும் வெட்டவெளியில். கண்ணாடியில் பார்த்தபோது கருவி தெரிந்தது. அதைவிடத் தன் முகம் தெரிந்தது. நெற்றியும் தாடையுமாக, கொஞ்சம் அந்நியமாக, மோசமில்லாமல். உரசல் நின்றுவிட்டது. தெருவில் இறங்கியதும் ஒரு சைக்கிள் மணிக்கு அவரே துள்ளி ஒதுங்கினார்.

முதலாளியம்மா முதலில் கொண்டையைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார். பிறகுதான் காதைப் பார்த்தார்.

"இது என்ன? சாம்பிளா?"

"இல்லை மேடம். எனக்குத்தான்."

அவர் கதவைச் சாத்தினார். "எத்தனை நாளா?" கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதைப் பாருங்க, நான் தப்பாச் சொல்லலை. ஆனா நீங்கதான் டெஸ்ட் பண்றீங்க. உங்களுக்கே காது கேக்கலைன்னா வர்றவங்க என்ன நினைப்பாங்க? முடியை... முடியை வேணா அவிழ்த்து விட்டுடுங்களேன். முன்ன மாதிரி."

மெஷின் சாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "மேடம், அன்னைக்கு வெட்டச் சொன்னீங்க."

"அது அன்னைக்கு."

"சோதனையெல்லாம் திரையைப் பார்த்துச் செய்யறது மேடம், என் காதை வெச்சு இல்லை. இனி கட்டிக்கிட்டுத்தான் வருவேன். முன்னாடிதான் உட்காருவேன். உங்களுக்குச் சரிப்படலைன்னா சொல்லுங்க, வேற இடம் பாத்துக்கறேன்." தைரியமாகச் சொல்ல நினைத்தார், குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவருக்கே துல்லியமாகக் கேட்டது.

முதலாளியம்மா வெகுநேரம் மேஜையைத் துடைத்தார். "இந்த வாரம் பார்ப்போம்" என்றார்.

அந்த வாரம் அவ்வளவு நல்லபடியாகப் போகவில்லை. ஒரு தம்பதி உள்ளே வந்து, அவர் காதையும் கொண்டையையும் பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, 'அப்புறம் வர்றோம்' என்று போய்விட்டார்கள். அவர்கள் பேசியதும் அவருக்குக் கேட்டது. கேட்காமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாரத்தின் கடைசி நாளில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். பலமுறை மருமகள் இழுத்து வந்தும், ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியவர். பேருந்தின் இரைச்சலிலேயே வாழ்நாளைக் கழித்து இரண்டு காதும் போனவர். அவர் பேசினால் எதிர்த் தெரு திரும்பிப் பார்க்கும்.

"இதப் பாரு தம்பி, இவ சொல்றான்னு வந்தேன். டெஸ்ட் வேணா பண்ணு. மாட்டிக்க மாட்டேன். இதை மாட்டினா கிழவன்னு..."

நடுவில் நிறுத்தினார். மெஷின் சார் கையுறை எடுக்கத் திரும்பியிருந்தார். கண்டக்டர் எழுந்து கிட்டே வந்து, அவர் காதைக் குனிந்து பார்த்தார். மேலேறிக் கொண்டையையும் பார்த்தார்.

"இது நீ மாட்டியிருக்கிறதா?"

"ஆமாங்க."

"நிஜமாவா? இல்ல வியாபாரத்துக்கா?"

"நிஜமாத்தாங்க. பொண்டாட்டி பேசறது கேக்கலை."

கண்டக்டர் யோசித்தார். "இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"எல்லாமா?"

"எல்லாமே."

"ஐயையோ" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னறையிலிருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கடை அதிரச் சொன்னார்: "பேரப்பிள்ளை என்னமோ கதை சொல்லுது தம்பி. தினமும் சொல்லுது. நானும் தலையாட்டறேன். ஒரு வார்த்தை விளங்கலை. போன வாரம் கேட்டுது, 'தாத்தா, கடைசியில நரி என்ன பண்ணுச்சு சொல்லு'ன்னு. என்னத்தைச் சொல்ல?"

மெஷின் சார் சோதனையை முடித்துவிட்டுக் கையுறையை மாட்டினார். களிம்பைப் பிசைந்தார். "சாய்ஞ்சுக்குங்க. ஜில்லுன்னு இருக்கும்" என்றார்.

"ஒரு காதுக்கு மட்டும் போடு இப்போதைக்கு" என்றார் கண்டக்டர். "மத்தது என் பொண்டாட்டிக்கு இருக்கட்டும்."

முதலாளியம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. வெட்டச் சொல்லவில்லை, அவிழ்க்கச் சொல்லவில்லை, முன்னாடிக்கு வேறு ஆளும் வரவில்லை. மாசக் கடைசி வந்து போனது.

அதன் பிறகு ஒரு மாலை மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்த மெஷின் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் மகள் பாத்திரம் கழுவ, மனைவி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நாள்பட்ட பழக்கம் சில வாரத்தில் போகுமா? கூடத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்ற எண்ணத்திலேயே அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, உண்மையச் சொல்லு. அப்பாவுக்குக் கொண்டை எப்படி இருக்கு?"

மனைவி ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"நல்லாத்தான்டி இருக்கு" என்றாள், வாய்க்குள். "கழுத்து நிமிர்ந்து, ராஜா மாதிரி. போய் உளறிடாத, அப்புறம் தரையில நிக்க மாட்டார்."

கூடத்தில் பிரஷ் ஒரு நொடி நின்றது. மெஷின் சார் கழுத்தை லேசாக நிமிர்த்தினார். பிறகு, காதில் எதுவுமே விழாதவர் மாதிரி, அடுத்த ஷூவை எடுத்துக்கொண்டார்.